கணக்கா, தாவரவியலா

கல்லூரி முதலாண்டில் வேதியியலுக்குத் துணைப்பாடமாகக் கணக்கையோ தாவரவியலையோ எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கோயமுத்தூர்க் கல்லூரியில் இதற்குத் தாவரவியல் என்ற ஒரே பதில்தான் புழங்கியது. "படத்தை வரை, பாகத்தைக் குறி, பாஸ் பண்ணு" என்பார்கள் சீனியர் அக்காக்கள். கணக்கு எடுத்தவர்கள் அரியரோடு அலைந்த கதைகளையும் சேர்த்துச் சொல்வார்கள். நான் கணக்கை எடுத்தேன். பள்ளியில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் அதுதான். கொஞ்சம் திமிரும் உண்டு.

முதல் வாரத்திலேயே திமிர் இறங்கிவிட்டது. நான் சோமனூரில் தமிழில் படித்தவள். கணக்கு மேடம் மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் பேசுவார், அதையும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கடைசி பெஞ்சில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பாடத்தை மாற்றிக்கொள்ள வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது. அப்பா கையெழுத்திட்ட கடிதத்தைக் கல்லூரி ஆபீசில் கொடுத்தால் போதும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறிகள் ஓடும். அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏன் கண்ணு, கணக்கு உனக்கு நல்லா வருமே?" என்றார்.

"இங்கிலீசுல ஒண்ணுமே புரியலீங்ப்பா."

மேலே எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை, கடைசிக் கணக்கு வகுப்புதானே என்று முன் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து மேடத்தின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பாடம் புரிய ஆரம்பித்தது. முழுக்க அல்ல, பாதி. எனக்கே வேடிக்கையாக இருந்தது. தறிச் சத்தம் ஓயாத வீட்டில் காதை நம்பி யாரும் இருப்பதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்போம். இத்தனை நாளும் நான் மேடத்தின் முதுகிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

அந்தச் சந்தோஷத்தில் ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். பழக்க தோஷம், தறிக்கூடத்துக் குரலிலேயே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க மேடம், அந்த ரெண்டாவது வரி எங்கிருந்துங்க வந்துச்சு?"

மேடத்தின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. "பக்கத்துலதாம்மா இருக்கேன்" என்று மேடமும் சிரித்துவிட்டு, அந்த வரியைத் தமிழில் மறுபடி விளக்கினார். பக்கத்தில் இருந்தவள், "எனக்கும் அதுதானுங்க புரியல" என்று கிசுகிசுத்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் வரி புரிந்துவிட்டதே, யார் சிரித்தால் எனக்கென்ன?

அன்று ஆபீஸ் பக்கமே போகவில்லை. சோமனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடிதத்தின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். விடை சரியாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தறிக்கூடத்துக்குப் போனேன். கடைசித் தறிக்கு அப்பால் அப்பா நின்றிருந்தார். "குடுத்துப்போட்டியா?" என்று அவர் உதடு கேட்டது. நான் கடிதத்தைத் திருப்பி, கணக்குப் போட்ட பக்கத்தை உயர்த்திக் காட்டினேன். அத்தனை தூரத்தில் ஓர் எழுத்தும் தெரிந்திருக்காது. ஆனாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"புரிஞ்சுதா கண்ணு?"

"பாதி புரிஞ்சுதுங்ப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. வகுப்பில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"மிச்சத்தையும் கேட்டுப்போடு," என்றார், "நல்லாச் சத்தமாக் கேளு!"