மணத்துக்கும் மரணத்துக்கும் நடுவில் ஒரு ‘ர’

குளச்சல் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பங்கு மக்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப எங்களிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் ‘மண அறிவிப்பு’, ‘மரண அறிவிப்பு’ என இரண்டு பொத்தான்கள், ஒரே நீல நிறத்தில் ஒட்டியபடி இருந்தன.

ஒரு சனிக்கிழமை, கல்யாணம் நிச்சயமான ஜெனிபாவின் பெயரை நிரப்பி அனுப்பினேன். உடனே குவைத்திலிருந்து அவள் அப்பா அழைத்தார். “பிள்ளே, எனக்க மவளுக்கு என்னாச்சு?” என்று கேட்டு அழுதார். திரையைப் பார்த்தேன். மரண அறிவிப்பு! திருத்தம் அனுப்பிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டுக்கு ஓடினேன். ஜெனிபாவை வீடியோவில் காட்டிய பிறகே அவர் அழுகை நின்றது.

மென்பொருள் செய்தவர் நாகர்கோவிலிலிருந்து வந்தார். “நிதானமா வாசிச்சா தப்பு வராதுக்கா” என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “எனக்க தப்புதான் மக்கா. ஆனா கல்யாணத்துக்கும் சாவுக்கும் நடுவுல ஒரே ஒரு ‘ர’வ வச்சது யாரு?”

புதுத் திரையை நானே தாளில் வரைந்து கொடுத்தேன். மூன்று வாரம் பூசையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பை நாங்கள் ‘ஓலை’ என்போம். அந்தச் சொல் மேலே, மோதிரப் படத்தோடு. செய்தியிலும் அதே மோதிரம் போகும். மரணம் கீழே தனியாக, கறுப்பில். அதைத் தொட்டால், “இவர் இறந்துவிட்டாரா?” என்று கேட்கும்.

அடுத்த வாரம் ஜெனிபாவின் இரண்டாவது ஓலையை அனுப்பியதும் குவைத்திலிருந்து மறுபடி அழைப்பு. “மோதிரம் வந்துட்டு பிள்ளே” என்று சிரித்தார் ஜெனிபாவின் அப்பா.

இப்போது எதை அனுப்பும் முன்பும் தலைப்பை வாய்விட்டு வாசிக்கிறேன். பக்கத்துப் பங்குகளிலும் இந்தத் திரைதான். அங்கே போனால், “இந்த மோதிரம் நான் வரஞ்சது” என்று சொல்லாமல் திரும்புவதில்லை.