ஓர் அங்குலக் குழாயின் சுற்றளவு

தையல் வேலையை விட்டுக் குழாய் வேலைக்கு வந்த பிறகும் தெருவில் அவளுக்கு ‘டெய்லரக்கா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. கழுத்தில் தொங்கிய அளவுநாடாவையும் அவள் கழற்றவில்லை. பிறரிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள் அன்றுதான் முதன்முதலாகத் தனியாக ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருந்தாள். சலவைக்கடையின் துருப்பிடித்த இரும்புக் குழாயை அறுத்து, மேற்கொண்டு பிளாஸ்டிக் குழாய் இணைக்க வேண்டும். மதியத்துக்குள் இயந்திரங்களுக்குத் தண்ணீர் வந்தால், கடைக்காரம்மாவின் மற்ற இரண்டு கடைகளின் வேலையும் அவளுக்கே. வராவிட்டால் வாசலோடு சரி.

இரும்பை அறுத்து, முனையில் திருகு மரை வெட்டிக்கொண்டே, உதவிக்கு வந்திருந்த கொழுந்தனைக் குழாய்க்கடைக்கு அனுப்பினாள். “ஒரு அங்குல இரும்பு. அதோட சேர்ற பிளாஸ்டிக் குழாயும் இணைப்பும் வாங்கிட்டு வா.”

அவன் வாங்கிவந்த இணைப்பு இரும்பு முனையில் நுழையவே இல்லை.

“என்னப்பா இது?”

“அங்குலத்துக்கு இருபத்தஞ்சு எம்எம் அண்ணி. கணக்குல நான் புலியாச்சே!”

அழுக்குத்துணிக் குவியலுக்கு நடுவே நின்ற கடைக்காரம்மா உதட்டைப் பிதுக்கினாள். “வெட்டத் தெரிஞ்ச கைக்கு ஒட்டுப்போடத் தெரியலையாக்கும்?”

டெய்லரக்காவுக்கு முகம் சிவந்தது. நாடாவை உருவி, இரும்பைச் சுற்றிப் பிடித்தாள். பத்தரை சென்டிமீட்டர். அதை மனத்துக்குள் 3.14ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, அதே இரும்புக் குழாயின் வாயையும் அளந்தாள்.

“வெளிக் குறுக்களவு முப்பத்துமூணு எம்எம். உள்ள இருபத்தேழு. இருபத்தஞ்சு எங்க இருக்கு, காட்டு பாப்போம்?”

“அப்ப ஒரு அங்குலம்னு சொல்றது பொய்யா?”

“பொய்யில்ல, பேரு. உன் சட்டையில நாப்பதுன்னு போட்டிருக்கே, நாடா வெச்சா நாப்பதா வரும்? இரும்புக்கு அந்தக் காலத்துல உள்துளையை வெச்சுப் பேரு வெச்சாங்க. துளை மாறிப்போச்சு, பேரு மாறல. பிளாஸ்டிக்குக்கு வெளிக் குறுக்களவுதான் பேரு. இதுக்கு ஜோடி முப்பத்திரண்டு. இணைப்புல ஒரு பக்கம் ஒரு அங்குல மரை, மறுபக்கம் முப்பத்திரண்டுன்னு கேளு. குழாயையும் முப்பத்திரண்டா மாத்திட்டு வா. ஓடு!”

அவன் பிடித்தான் ஓட்டம்.

இம்முறை இணைப்பு, அளவெடுத்துத் தைத்த சட்டைபோல மரையில் ஏறி அமர்ந்தது. பிளாஸ்டிக்கை ஒட்டி, பசை இறுகும்வரை காத்திருந்து, வால்வைத் திறந்தாள். குழாய் இருமுறை இருமியது. பிறகு தண்ணீர் பாய்ந்து வர, இரண்டு இயந்திரங்களும் ஒருசேர உறுமின. கடைக்காரம்மா இணைப்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள். ஈரமே இல்லை. மணி இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.

“மத்த ரெண்டு கடைக்கும் என்னிக்கு வர்ற?”

“நாளைக்கே அளவெடுக்க வர்றேம்மா. கணக்கை மட்டும் இந்தப் புலிகிட்ட கேக்காதீங்க.”

அறுத்தெடுத்த துருக்குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் தெருவின் நட்டநடுவே நடந்தாள்.