உடுத்துவது குதிரை, வாங்குவது மனிதன்

சேணத்துக்கு அடியில் மெத்தை போல விரிக்கும் பேடு தைத்து விற்பது என் தொழில். உடுத்துகிறது ஒருத்தர், வாங்க வருகிறது வேறொருத்தர் என்பதுதான் இதில் எல்லாத் தலைவலிக்கும் ஆரம்பம். பிள்ளையைக் கூட்டி வராமல் பிள்ளைக்குச் செருப்புக் கேட்கிறவர்களிடம் மாட்டிக்கொண்ட கடைக்காரர்களே, ஆளைக் காட்டாமல் சட்டை தைக்கச் சொல்கிறவர்களிடம் சிக்கிய தையல்காரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

வளைகுடாவில் ஒரு குதிரை லாயத்தில் சேணம் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பி, கோட்டாறில் சோபாவும் பைக் சீட்டும் தைக்கும் கடை போட்டேன். விஷயம் தெரிந்து குதிரைக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களைப் பற்றியெல்லாம் எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஒரே ஒரு குதிரையோடு நிறுத்திக்கொள்கிறேன். முட்டத்தில் கடற்கரைக்கு வருகிறவர்களைச் சவாரி ஏற்றும் ஜஸ்டினின் வெள்ளைக் குதிரை, பெயர் ராணி. அவன் வீட்டில் அடுப்பு எரிவது அவளால்தான்.

முகம் தெரியுது, முதுகு எங்கே?

ஜஸ்டின் முதல் தடவை வந்தபோது கையில் இருந்த பழைய பேடில் ரத்தக் கறை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் ராணிக்குத் தோல் உரிந்துவிட்டது என்றான். ஊருக்குப் போனதும் முதுகைப் படமெடுத்துச் செல்போனில் அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் ராணியின் முகம் இருந்தது. நெற்றியில் பாசிமணி, பக்கத்தில் ஜஸ்டினின் சிரிப்பு. முதுகுப்பா, முதுகு என்றேன். அடுத்த படத்தில் முதுகின் மேல் அப்பா, அம்மா, மடியில் குழந்தை என்று ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது.

போனிலேயே கத்தினேன். புண்ணோடு நிற்கிற குதிரையின் மேல் ஆள் ஏற்றுகிறாயே, உனக்கு ஈவு இரக்கம் உண்டா என்று கேட்டேன். அவன் நிதானமாகப் பதில் சொன்னான்: "கோவப்படாதீங்க பாய், புண்ணு அவங்களுக்கக் கண்ணுல படாம பெட்ஷீட்டு விரிச்சுல்லா ஏத்துனேன்!"

மெத்தை நியாயம்

அடுத்த நாள் கடைக்கு வந்தவன், சோபாவுக்கு வெட்டி வைத்திருந்த ஸ்பஞ்சை அமுக்கிப் பார்த்து, இதை ரெண்டு அடுக்காக வைத்துத் தைக்கச் சொன்னான். பேடு தடிக்கத் தடிக்கச் சேணம் இறுகும், இறுகினால் மேட்டைக் கவ்விப் பிடிக்கும் என்றேன். இறுக்கமான ஷூவுக்குள் ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்து பார் என்றும் சொன்னேன். அளவான கனத்தில் கம்பளி, நடுவில் முதுகெலும்புக்குக் காற்றுப் போக ஒரு வாய்க்கால், இவ்வளவுதான் குதிரைக்கு வேண்டும்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். எனக்கும் தொண்டை வறண்டு போனது. எழுந்து போகும்போது மறுபடி அந்த ஸ்பஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னான்: "தங்கச்சி கல்யாணத்துக்கு மெத்த எடுக்கும்போ கனம் பாத்துதானே பாய் எடுத்தோம், இவ மட்டும் என்ன பாவம் செய்தா?"

கடற்கரையில் அளவு

இனி இவனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே முட்டத்துக்குப் போனேன். வளைகிற கம்பியை முதுகின் குறுக்கே வைத்து அமுக்கி, அந்த வளைவை அட்டையில் வரைந்துகொள்வது வழக்கம். கம்பியை எடுத்ததும் கூட்டம் கூடிவிட்டது. குதிரைக்குப் பேய் பிடித்திருக்கிறது, கோட்டாறிலிருந்து பாய் வந்து ஓதுகிறார் என்று ஒருவர் மற்றவருக்கு விளக்கம் கொடுத்தார். ராணி மட்டும் அசையாமல் நின்றாள். புண்ணுக்குக் கிட்டே என் கை போனபோது தோல் ஒருமுறை நடுங்கியது, அவ்வளவுதான். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஒரு உதை விட்டிருந்தால் இந்த மனிதர்களுக்குப் புரிந்திருக்குமே!

மாங்காய் விற்கும் அக்கா ஒருத்தி நான் வரைந்த அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, தன் ரவிக்கைக் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "கழுத்து இம்புட்டு எறக்கமா வச்சா ஜம்பர் நிக்குமா பாய்?"

ஒரு சொட்டு இறங்காது

புண் ஆறியதும் கம்பளிப் பேடைக் கொடுத்தேன். போட்டதும் நடுப்பகுதியைச் சேணத்தின் குழிவுக்குள் தூக்கிவிட வேண்டும், பேடு மேட்டில் படுத்துக் கிடக்கக் கூடாது என்று செய்தும் காட்டினேன். கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு அருமனையில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு ராணியைக் கூட்டிப் போனார்கள். ஜஸ்டினின் மச்சானுக்கு அங்கே ரப்பர் தோட்டம். பேடு வழுக்கிவிடுமோ என்று பயந்து, அடியில், குதிரையின் வெறும் முதுகில், ஒரு ரப்பர் ஷீட்டை விரித்துவிட்டார் அந்தப் புண்ணியவான்.

எங்கள் மாவட்டத்தில் படுக்கையை நனைக்கிற பிள்ளைக்கு ரப்பர் ஷீட் விரிப்பார்கள், நியாயம். ஊர்வலம் முழுக்க வேர்வை போக வழியில்லாமல் வெந்து நின்ற உயிருக்கு யார் நியாயம் சொல்வது? ஆறிய இடம் பொரிந்து, முன்பைவிடப் பெரிய புண்ணாகிவிட்டது. மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாக ஆறும்வரை சேணம் தொடக் கூடாது, இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த முதுகு இனிச் சுமக்காது என்று சொல்லிவிட்டார். ஜஸ்டின் அழுதான். மச்சானிடம் நான் போனில் சண்டைக்குப் போனேன். அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் அது ராணிக்காக இல்லை: "எங்க தோட்டத்துக்க மொதல்தர ஷீட்டாக்கும் பாய், எவ்வளவு மழ பெய்தாலும் ஒரு சொட்டு எறங்காது, அதப் போயி குத்தம் சொல்லுதீங்களே!"

கைவைத்தியம்

ராணி ஓய்வில் நின்ற நாட்களில் ஜஸ்டின் மீன் ஏலக் கூடத்தில் பெட்டி சுமந்தான். அதைச் சொல்லாவிட்டால் நான் நியாயஸ்தன் இல்லை. ஆனால் ஒரு சாயங்காலம் பார்க்கப் போனால், நான் தைத்த கம்பளிப் பேடு பாறை மேல் அப்பளம் போலக் கிடக்கிறது. கடல் தண்ணீரில் முக்கி, உச்சி வெயிலில் காயப் போட்டிருக்கிறான். நல்ல தண்ணீரில் அலசு, நிழலில் உலர்த்து, ஒட்டின முடியைத் தட்டி எடு என்று எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன்! தொட்டுப் பார்த்தேன், உப்புப் பூத்து உப்புத்தாள் மாதிரி இருந்தது. இதைப் புது முடி முளைக்கிற தோலில் வைத்தால் என்ன ஆகும்?

அதை மடக்கி என் வண்டியில் வைத்துக்கொண்டேன். ஜஸ்டின் என்னை வைத்தியம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்: "கடல் தண்ணி புண்ண ஆத்தும்னு ஒங்களுக்குத் தெரியாதா பாய்? நாங்க கடப்புறத்துலதானே பொறந்தோம்!"

நல்ல சாமான்

புதிதாக ஒன்று தைத்தேன். வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. ராணிக்கு முதுகில் தளிர் போல வெள்ளை முடி வந்திருந்தது. டாக்டரும் சரி சொல்லிவிட்டார். பேடைக் கையில் கொடுத்தபோது ஜஸ்டின் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. சரி, ஒரு உயிர் தப்பித்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் முட்டம் பக்கம் ஒரு சோபாவைக் கொடுக்கப் போனவன் ஜஸ்டின் வீட்டையும் எட்டிப் பார்த்தேன். ராணி சவாரி முடிந்து வந்து வாசலில் நின்றாள். சேணத்துக்கு அடியில் கோழித்தீவனச் சாக்கு, நாலாக மடித்தது. சேணத்தைக் கழற்றினேன். சாக்கு தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தளிர் முடி இருந்த இடம் ஈரமாக, சிவப்பாக இருந்தது. அவள் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கேடா நான் தைத்தது என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில், அலமாரியின் மேல், நான் கொடுத்த பாலித்தீன் கவரிலேயே, கசங்காமல் விரிந்து கிடந்தது என் கம்பளிப் பேடு. நல்லது என்பதால் கிறிஸ்துமஸுக்கு எடுக்கலாம் என்று வைத்திருக்கிறானாம்.

எட்டி இழுத்து, அந்தக் கவரைப் பல்லால் கிழித்தேன். புண்ணைப் பார்த்தபோது அலறாத ஜஸ்டின் அப்போது அலறினான்: "ஐயோ, கவரக் கிழிக்காதீங்க பாய், தூசி அடிக்கும்லா!"

ராணி மறுபடி ஓய்வில் நிற்கிறாள், அந்த முதுகு இனிச் சுமக்குமா என்று டாக்டரே வாய் திறக்க மறுக்கிறார்; இத்தனை பாடுபட்டு நான் புண் படாமல் காப்பாற்றிக் கொடுத்த ஒரே முதுகு, ஜஸ்டின் வீட்டு அலமாரியின் முதுகுதான்.