பிளாஸ்டிக் பேசினுக்குப் போன அக்காவோட கல்யாணத் தேதி

நேத்து காலைல ஜேடர்பாளையத்துல இருந்து எங்க மாமா அம்மாவுக்குப் போன் பண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"ஏம்மா, உன்ற பொண்ணு கல்யாணத்துக்கு எத்தனை எலை போடறதுன்னு சமையல் கான்ட்ராக்டர் எங்கிட்டக் கேக்கறான். நான் என்னன்னு சொல்லட்டும்?"

அம்மா மூஞ்சில ஈயாடல.

ஏன்னா அக்காவுக்கு மாப்பிள்ளை முடிவான விஷயமே மாமாவுக்கு இன்னும் சொல்லல!

எங்க பக்கம் தாய்மாமனுக்குத்தான் மொதல்ல சொல்லணும். போன்ல சொன்னா மரியாதை இல்ல. பழம், வெத்தலபாக்குத் தட்டோட நேர்ல போகணும். ஞாயித்துக்கிழமை சேலத்துல மாப்பிள்ளை ஊட்டுல பேசி, தை மாசத்துல தேதியும் குறிச்சாச்சு. புதன்கிழமை நல்ல நாள், அன்னைக்கு மாமா ஊட்டுக்குப் போலாம், அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு அம்மா ஆர்டர். (நான் வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் வெக்கவே தடை.)

அப்புறம் எப்படி வெளிய போச்சு?

சேலத்துல இருந்து திருச்செங்கோடு திரும்பறப்ப இளம்பிள்ளைல ஒரு ஜவுளிக்கடை. சும்மா பாத்துட்டு வரலாம்னு அம்மா இறங்குனாங்க. (சும்மா பாத்ததுக்கே ரெண்டு பை நிறைய சேலை.)

பில் போடற பொண்ணு போன் நம்பர் கேட்டுச்சு.

எங்கப்பா கொஞ்சமும் யோசிக்காம மாமாவோட நம்பரைச் சொன்னாரு.

அது அவரோட பழக்கம். மருந்துக்கடை, செருப்புக்கடை, எங்க கேட்டாலும் மச்சான் நம்பர்தான். "நம்ம நம்பரைக் குடுத்தா கண்டவனும் கூப்புடுவான் சாமி"ம்பாரு. கண்டவனும் மாமாவைக் கூப்புட்டா பரவால்லையாம். எங்க ஊட்ல இதுக்குப் பேரு பிரைவசி.

"கல்யாணப் பர்ச்சேஸுங்களா சார்? பொண்ணு பேரு, தேதி சொன்னா கிஃப்ட் இருக்குதுங்க."

ரெண்டையும் சொல்லிட்டு ஒரு பச்சை பிளாஸ்டிக் பேசினை வாங்கிட்டு, ஜெயிச்ச மாதிரி வந்தாரு.

மறுநாள் காலைலயே சமையல்காரர், மேளக்காரர், ஆல்பம்காரர், எல்லாரும் வரிசையா மாமாவுக்கு வாழ்த்துச் சொல்லிட்டாங்க.

"சமையல்காரனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அவனே வந்து மாமன் சீரும் செய்யட்டும்." மாமா போனை வெச்சுட்டாரு. அம்மா உக்காந்து அழுதாங்க. மாமா வராம அக்காவை மணவறைல உக்கார வெக்க முடியாது. அக்கா பிரிச்சு வெச்சிருந்த சேலைங்களை மறுபடியும் மடிச்சுப் பைக்குள்ள வெச்சா. அதான் எனக்குத் தாங்கல.

கடைக்குப் போன் போட்டேன். மேனேஜர் பயங்கர கூல்.

"நாங்க யாருக்குமே குடுக்க மாட்டோம்ங்க. பார்ட்னருங்களுக்கு மட்டும்தான் ஷேர் பண்ணுவோம்."

"அது தப்பில்லைங்களா?"

"அதுக்குத்தானுங்களே பேசின் குடுத்தோம்."

பாருங்க. நம்ம விவரத்தைப் பூட்டி வெச்சா அவங்களுக்குச் செலவு. வித்தா வருமானம். வித்ததால வர்ற சண்டை மட்டும் நம்ம ஊட்டுக்கு. அப்புறம் எவன் பூட்டுவான்?

அவங்களை மட்டும் திட்டி என்ன? தொல்லையை மச்சான் தலைல கட்டிட்டு நிம்மதியாத் தூங்குன எங்கப்பாவும் அதே யாவாரம்தான் பண்ணாரு. பார்ட்னர்னு சொல்லல, அவ்வளவுதான்.

இனி எங்க புதன்கிழமை பாக்கறது? சாயங்காலமே தட்டோட ஜேடர்பாளையம் போனோம். மாமா வாங்கன்னு சொல்லல. டிவியைப் பாத்துட்டே இருந்தாரு. (டிவி ஆஃப்ல இருந்துச்சு.)

அப்பா நடந்ததை ஒப்பிச்சாரு. "தப்புத்தானுங்க மச்சான். உங்க நம்பரைக் குடுத்திருக்கக் கூடாது."

மாமா ரிமோட்டை எடுத்துச் சேனல் மாத்துனாரு.

அந்த நேரம் அப்பா போன் அடிச்சுச்சு. எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாரு. ஒரு பொண்ணு, மாமா பேரை முழுசாச் சொல்லி, "சார், உங்களுக்குப் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு"ன்னுச்சு.

அப்பா மாமாவைப் பாத்தாரு. மாமா ஃபேனைப் பாத்தாரு.

அத்தைதான் மொதல்ல சிரிச்சாங்க. "இவரும் எந்தக் கடைக்குப் போனாலும் உங்க நம்பரைத்தானுங்கண்ணா குடுப்பாரு."

மாமா எந்திரிச்சு வந்து, அம்மா கையில இருந்த தட்டை வாங்கிட்டு, அக்கா தலைல கை வெச்சாரு. அக்கா அழுதுட்டா. நானுந்தான்.

அப்புறம் அப்பாகிட்டத் திரும்பி, ரொம்ப சாவகாசமாச் சொன்னாரு:

"ஆயிரம் எலைன்னு காலைலயே சொல்லிட்டேன் மாப்ள. ரேட்டு பேச சமையல்காரன் உங்களைக் கூப்புடுவான். உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கேன்."