வெள்ளைத் தடியின் நுனி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி முற்றி அப்பாவுக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த வருஷம் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அலுப்புதான். அம்மா தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சாப்பிடும்போதே கண்ணயர்வார். பள்ளி விட்டதும் அப்பாவைக் கடைக்குக் கூட்டிப் போவது என் வேலை.

கூட்டிப் போவது என்பது நான் வைத்த பெயர். உண்மையில் அவருக்காகக் காத்துக் காத்து நடப்பது. புதிதாகக் கிடைத்த வெள்ளைத் தடியால் அப்பா தரையை இடமும் வலமும் தடவுவார். தார் முடிந்து புல் தொடங்கும் இடத்தில் நின்று மறுபடி தடவுவார். சாக்கடையை மூடிய சிமெண்டுப் பலகையை ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்னொரு தட்டு. ஐந்து நிமிட வழிக்கு அரை மணி நேரம் ஆகும். என் வகுப்புப் பிள்ளைகள் சைக்கிளில் கடந்தால், சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் குனிந்துகொள்வேன்.

ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா அதே பலகையை மூன்றாம் முறை தட்டினார்.

“சீக்கிரம் வாங்கப்பா, மழ வருதுலா!” என்று தடியின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

“விடு பிள்ளே, விடு…” என்றார். விடவில்லை. பத்தடி தள்ளி ஒரு பலகை உடைந்திருந்தது. நான் எட்டித் தாண்டினேன். பின்னால் வந்த அப்பா இடுப்புவரை சாக்கடைக்குள் போனார்.

கடைக்கார அண்ணன் ஓடிவந்து தூக்கினார். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. நின்று நின்று வீங்கிய கால்களோடு வந்து, அம்மா தினமும் கட்டு மாற்றினார்.

“நானேதான் தவறி வுழுந்துட்டேன்” என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

மறுபடி வெளியே புறப்பட்ட முதல் நாள் நான் முந்திக்கொண்டேன். “இந்தவாட்டி கெட்டியா புடிச்சிக்கிறேன்பா. வுடவே மாட்டேன்.” என் பிடி தளர்ந்ததால்தான் அவர் விழுந்தார் என்று அத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

அப்பா தடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “வேணாம்மா. நீ பக்கத்துல பேசிக்கிட்டே வா, போதும்.”

வழியில் யாரோ நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் டயரில் தடி பட்டது. மேலே ஏறிப் பார்த்தது, பக்கவாட்டில் போய் நீளம் பார்த்தது. அப்பா சுற்றிக்கொண்டு போனார். அந்த நுனி தரையில் உரசினால்தான் அவர் கைக்கு வழி தெரியும், நான் அன்று பிடித்துக்கொண்டது அதைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு, கடை வரும்வரை பள்ளிக் கதைகளைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.