டயரி நம்பர் விழுந்த கல்லூரி

அப்பாவுக்கு டெல்லியில் லோதி ரோடு பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. தபால் பிரிவில் குமாஸ்தா. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் முத்திரை குத்தி, எண் போட்டு, பெரிய பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்த எண்ணுக்கு டயரி நம்பர் என்று பெயர். காகிதம் வந்து சேர்ந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஒரு பைத்தியக்காரன் மாதாமாதம் மந்திரிக்கு எழுதும் கடிதத்துக்கும் தான் நம்பர் போடுவதாக வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சிரித்தவர்தான் ஏமாந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். பல்கலைக்கழகக் கல்லூரிகள் ஒட்டிய கட்-ஆஃப் பட்டியல் ஒன்றுக்குக்கூட என் மதிப்பெண் எட்டவில்லை. தபால் வழியில் படிக்கிறேன் என்றேன். சரோஜினி நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் எங்கள் மாடிப்படியைச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது தன் பெண் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பது அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

அப்படித்தான் அந்தத் தனியார் கல்லூரிக்குப் போனோம். கீழே டைல்ஸ் கடை, மேலே இரண்டு மாடி கல்லூரி. டை கட்டிய இயக்குநர் சர்க்கார் அங்கீகாரம் இருக்கிறது என்று இந்தியில் சொல்லி ஒரு கடிதத்தை மேஜையில் நகர்த்தினார். அப்பாவின் விரல் நேரே மூலையிலிருந்த எண்ணுக்குப் போனது. பிறகு வட்ட முத்திரைக்கு.

"டயரி நம்பர் விழுந்திருக்கும்மா. சர்க்கார் காகிதம்" என்று என் காதருகே சொன்னார்.

பணத்துக்கு அவருடைய சேமநிதிதான் வழி. படிப்புக்கு என்றால் கல்லூரியின் அங்கீகாரச் சான்றைக் கொண்டுவா என்றார்கள் அவர் ஆபீஸில். சான்று இரண்டு மாதத்தில் வரும் என்றது கல்லூரி. அட்மிஷனோ அந்த வாரத்தோடு முடிகிறதாம். ஒரு நாள் லீவுக்குக்கூடப் பொய்க் காரணம் எழுதாத மனிதர், மகள் திருமணம் என்று எழுதிப் பணத்தை எடுத்தார்.

மூன்று வருடம் படித்தேன். கம்ப்யூட்டர் அறைக்குத் தனிப் பணம், அதில் ஓடும் ஏசிக்குத் தனிப் பணம், ஏசி ஓடாத மாதத்துக்கும் அதே பணம். கணக்கு வாத்தியார் வராத நாளில் ஆங்கில டீச்சரே கணக்கும் எடுத்தார். கடைசியில் கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழவென்று ஒரு சான்றிதழ் கிடைத்தது. போன இடத்திலெல்லாம் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். "பேட்டா, யே நஹீ சலேகா", இது செல்லாதம்மா என்று ஓர் அதிகாரி மட்டும் இரக்கப்பட்டு வாய் திறந்து சொன்னார்.

ஒரு வருடம் அலைந்த பிறகு கல்லூரியே கூப்பிட்டு வேலை கொடுத்தது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றனவாம், அவர்கள் மொழியில் பேச ஆள் வேண்டுமாம். எனக்குக் கவுன்சலர் என்று பட்டம். வேலை கிடைத்த மாணவர்கள் என்று எழுதியிருந்த சுவரில் என் படத்தையும் மாட்டினார்கள். வேலை எங்கே என்று அதில் எழுதவில்லை.

என் மேஜை இழுப்பறையில் அந்தக் கடிதத்தின் நகல்கள் ஒரு கட்டு இருந்தன. அப்போதுதான் முழுக்கப் படித்தேன். தங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது, இன்ன எண்ணில் பதிவு செய்யப்பட்டது. அவ்வளவுதான்.

அன்று மாலை ஒரு நகலை அப்பாவின் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"வெறும் ரசீதும்மா இது."

"அன்னைக்கு நீங்க படிக்கலையாப்பா?"

"நம்பரைப் பார்த்தேன். முப்பது வருஷமா நம்பரைத்தானே பார்த்துட்டிருக்கேன்."

அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. வேலையை விட்டுவிடவா என்று கேட்டேன். அவர் நகலை மடித்து என்னிடமே நீட்டினார். மூன்று மாதத்தில் அவர் ஓய்வு பெறுகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வெளியில் வாடகைக்கு என் சம்பளம் வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். மறுநாள் வேலைக்குப் போனேன்.

அந்த வாரம் திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி மகளோடு வந்தாள். இரவு டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள், கண்கள் சிவந்திருந்தன. மகள் டெல்லியில் பிறந்தவள், என்னிடம் இந்தியிலேயே பேசினாள். நான் வழக்கம்போல் கடிதத்தை நகர்த்தினேன்.

"எனக்கு இதெல்லாம் புரியாது கண்ணு. நம்ம ஊரு பிள்ள நீ சொன்னா நம்புதேன்" என்றாள் தாய். பிறகு சுவரைக் காட்டினாள். "அது நீதான? ஒனக்கு வேல கெடச்சிட்டுல்லா?"

"கிடைச்சிடுச்சு ஆன்ட்டி."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் கேவலம். அவள் கைப்பையைத் திறந்து முன்பணத்தை எடுத்தாள்.

நாலு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு எனக்கு நிஜமாகவே கல்யாணம் வந்தது. சேமநிதியில் ஒன்றும் மிச்சமில்லாததால் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு முடித்தோம். கடைசி மாதச் சம்பளம் வாங்கக் கல்லூரிக்குப் போனபோது என் நாற்காலியில் அந்த நர்ஸின் மகள் உட்கார்ந்திருந்தாள். சுவரில் என் படத்துக்குக் கீழே அவள் படமும் இருந்தது.

அவளுக்கு எதிரே ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பிலிருந்து வந்த ஒரு தகப்பன். கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இந்தி கலந்த தமிழில் அவரிடம் சொன்னாள்.

"அங்கிள், தீதியை, இந்த அக்காவைக் கேளுங்க. இவங்களும் இங்கதான் படிச்சாங்க. ஜாப்கூட கிடைச்சுது."

அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நெசந்தானாம்மா?"

என் சம்பளக் கவர் இன்னும் இயக்குநர் அறையில்தான் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.