ஐந்தாவது குரலுக்கு ஓர் இலை

அசல் பேயை வீட்டுக்குள் உட்கார வைத்து, வாழையிலை போட்டு, வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்பியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ராயபுரம் கல்மண்டபத்தில் இருக்கிறார். பெயர் ஆறுமுகநயினார். வயது அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் விசைப்படகுகளுக்குக் கயிறும் வலையும் மொத்த வியாபாரம் செய்தவர். இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு மாடியில் ஓய்வாக இருக்கிறார்.

சிரிக்க வேண்டாம். இது நடந்தது. நயினார் வாயில் விழுந்த நெத்திலி சுறாவாகத்தான் வெளியே வரும் என்பது கல்மண்டபத்துக்கே தெரியும். அவர் சொல்வதில் முக்கால்வாசியைத் தள்ளிவிடுங்கள். மிச்சக் கால்வாசியைத் தள்ள முடியாது. அதற்கு மூன்று பேர் சாட்சி. அவர் மனைவி ஆவுடையம்மாள் மட்டும் ஒரு வருஷமாக ஒரே சொல்லில் கதையை முடித்துக்கொண்டிருந்தார். "பூனை."

எல்லாம் லூடோவில் ஆரம்பித்தது. கைப்பேசியில் ஆடுகிற லூடோ. நான்கு பேர், நான்கு நிறம். ஆடிக்கொண்டே பேசிக்கொள்ளலாம். நயினாருக்குச் சிவப்பு. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஜுபைருக்குப் பச்சை. திருவொற்றியூரில் நர்ஸாக இருக்கும் பெனிஷாவுக்கு நீலம். முகத்துவாரக்குப்பம் சாலமோனுக்கு மஞ்சள். சாலமோனுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. கிரேனுக்குக் கீழே நின்று, மேலே இருக்கும் ஆபரேட்டருக்குக் கையால் சிக்னல் காட்ட வேண்டும்.

தினமும் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை ஆட்டம். ஒன்றரை வருஷம் ஒருநாள் தப்பவில்லை. மொத்தம் ஐயாயிரம் ஆட்டம் என்றும், அதில் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் தானே ஜெயித்ததாகவும் நயினார் சொல்வார்.

ஆட்டம் மெல்ல வீட்டுக்குள் வந்தது. நயினாரின் பேத்திக்குக் காய்ச்சல் என்றால் பெனிஷாதான் மருந்து சொல்வாள். பக்ரீத் பிரியாணி ஜுபைர் வீட்டிலிருந்து ஆட்டோ ஏறி மூன்று வீட்டுக்கும் போகும். பெனிஷா தன் சித்தி மகள் மகிமாவையே சாலமோனுக்குக் கட்டிவைத்துவிட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு நயினாரும் ஜுபைரும் போக முடியவில்லை. அதனால் நான்கு பேரும் ஒரே இடத்தில் சேர்ந்ததே இல்லை. ஆனால் நான்கு வீட்டையும் காதால் தெரியும். பாங்கு கேட்டால் ஜுபைர் வீடு. ரயில் தடதடத்தால் பெனிஷா வீடு. டிரெய்லர் ஹாரன் என்றால் சாலமோன். மிக்சி அலறினால் ஆவுடையம்மாள் கோபத்தில் இருக்கிறார்.

இந்தச் சத்தங்களுக்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது.

ஓர் ஆண் குரல். வறண்ட தொண்டை. மூன்றாவது மாதத்திலிருந்து வந்தது. தினமும் சரியாக ஏழு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு.

"நானும் வரட்டா..."

அவ்வளவுதான் கேட்கும்.

சாலமோன் வீட்டில் யாரோ உடம்பு முடியாமல் கிடக்கிறார் என்று நயினார் நினைத்தார். ஜுபைரின் மாமா என்று சாலமோன் நினைத்தான். பெனிஷாவின் அப்பா என்று ஜுபைர் நினைத்தான். பெனிஷாவோ, நயினார் வீட்டில்தான் படுக்கையில் ஒருவர் இருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் சித்தம் கலங்கியவர் இருந்தால் அதை எப்படி வாய்விட்டுக் கேட்பது? குரல் வரும்போது நான்கு பேரும் ஒரு நொடி பேசாமல் இருப்பார்கள். பிறகு டைஸ் உருளும். ஆட்டம் தொடரும்.

முதலில் அந்தக் குரல் கொல்லைப்புறத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. ஆறு மாதம் கழித்து அடுத்த அறையிலிருந்து. போன ஆவணியில் காதோரம் வந்துவிட்டது. மூச்சுச் சத்தத்தோடு...

அப்புறம் பேச்சு மாறியது.

"சாலமோனு... எந்திரி."

பத்து நாள் இதையே சொன்னது. ஜுபைரின் மாமாவுக்குத் தன் பெயர் பிடித்துப்போய்விட்டது என்று சாலமோன் சிரித்துப் பார்த்தான். ஆனால் தூக்கம் போய்விட்டது. அந்த வியாழக்கிழமை கிரேன் கொக்கி அவன் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போனது. இதை மகிமாவிடம் மட்டும் சொன்னான். அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். ஆட்டத்தை விட்டுவிடு, இல்லையென்றால் வேலையை விட்டுவிடு என்று அவள் அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நயினார் மூன்று பேரையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். எல்லோருக்கும் பொதுவாகச் சைவம். பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தார்கள். நயினார் சொல்லிச்சொல்லிச் சிரித்தார், சிரிக்கவைத்தார். எல்லோரும் பழம், இனிப்பு என்று கொண்டுவந்திருந்தார்கள். கூடவே ஆளுக்கொரு பை தனியாக வைத்திருந்தார்கள்.

ஜுபைர் தன் பையிலிருந்து புதுக் கைலி ஒன்றை எடுத்துப் பெனிஷாவிடம் நீட்டினான். "அப்பாவுக்கு, அக்கா."

"எங்க அப்பா தவறி எட்டு வருஷமாச்சே தம்பி," என்றாள் பெனிஷா. அவள் கையில் ஒரு டின் சத்துமாவு இருந்தது. அதை நயினாரிடம் கொடுக்க வந்தவள் பாதியில் நின்றாள். "மாமா... உள்ள படுக்கையில இருக்கிறவங்களுக்கு..."

"உள்ளயா? உள்ள கயித்து மூட்டைதான்மா படுத்துக் கெடக்கு."

சாலமோன் வாங்கிவந்த தைலப் பாட்டிலை வெளியே எடுக்கவே இல்லை. மெதுவாகக் கேட்டான். "ஜுபைரு. அது உன் மாமா இல்லியா?"

"எனக்கு ஏது மாமே மாமா?"

மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

சாலமோனின் உதடு வெளுத்துவிட்டது. பத்து நாளாகத் தன்னை எந்திரி என்பது யார் என்று அவனுக்கு இப்போது தெரியவில்லை. ஜுபைரின் மாமா என்று நினைத்திருந்தவரை இவ்வளவு பயம் இல்லை.

ஆவுடையம்மாள்தான் சிரித்தார். போனில் ஏதாவது லைன் கலந்திருக்கும், இதற்கா இந்த முழி என்று கேட்டு, நான்கு பேரையும் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஜுபைர் நான்கு கைப்பேசிகளையும் வாங்கினான். லூடோவை மூடினான். பழைய பெட்டி டிவி மேல் வரிசையாக வைத்தான்.

இலை விழுந்தது. சோறு, சாம்பார், வாழைக்காய்ப் புட்டு, அப்பளம்.

ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம்.

டிவி மேலிருந்து மூச்சுச் சத்தம்.

"சாலமோனு..."

நான்கு கையும் சோற்றில் அப்படியே நின்றன.

"எந்திரி."

மூடிய கைப்பேசிகள். திரை நான்கும் கறுப்பு. ஜுபைர் வாய்க்குள் ஓத ஆரம்பித்தான்.

ஒரு மணி பதினான்கு. சாலமோனின் கைப்பேசி அடித்தது. யார்டு சூப்பர்வைசர். எடுத்த ஜுபைர் ஸ்பீக்கரில் போட்டான். இன்றைக்கு உனக்குப் பதிலாகப் போட்ட ஆள் வரவில்லை, கிரேன் சும்மா நிற்கிறது, கப்பல் சரக்கு, உடனே கிளம்பி வா என்றார் அவர். வராவிட்டால் நாளைக்கும் வராதே என்றார்.

சாலமோன் எழுந்தான். பாதி எழுந்துவிட்டான். முகம் தூக்கத்தில் நடப்பவன் முகம்போல் இருந்தது.

ஆவுடையம்மாள் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். "என் வீட்டுல பாதிச் சோத்துல யாரும் எந்திரிச்சதில்ல. உக்காரு."

"வேல பூடும்மா..."

"போவட்டும். உக்காரு."

உட்கார்ந்தான். ஆவுடையம்மாளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பயம் இல்லை, கோபம். டிவியைப் பார்த்துத் திரும்பினார்.

"யாருடா அது? பசிச்சா வந்து தின்னுட்டுப் போ. சாப்புடுற பிள்ளைய எழுப்பாத."

சொன்னதோடு விடவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கயிற்று மூட்டைகள் அடுக்கிய இருட்டு அறை ஒன்று உண்டு. அங்கே போய் ஓர் இலையைப் போட்டார். எல்லாவற்றையும் பரிமாறினார். கதவை ஒருச்சாய்த்துவிட்டு வந்தார். அதன்பின் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அடுப்படிக்கு அந்த அறை வழியாகத்தான் போனார், வந்தார்.

மூச்சுச் சத்தம் டிவி மேல் இல்லை.

எங்கேயும் இல்லை.

ஒரு மணி இருபது.

நொறுக்...

அப்பளம் உடைகிற சத்தம்.

நயினார் கீழே பார்த்தார். அவர் இலையில் அப்பளம் முழுசாக இருந்தது. பெனிஷா இலையில் முழுசாக. ஜுபைர் இலையில். சாலமோன் இலையில்.

நொறுக்... நொறுக்...

மூட்டை அறையிலிருந்து.

இலை முன்னால் நான்கு பேரும் நகரவில்லை.

ஒரு மணி நாற்பத்தொன்று. சத்தம் நின்றது.

மாடியின் பின்பக்கம் பழைய மரப்படி. பதினாறு படி. ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. கீழே இறங்கிப் போகிற கிறீச்.

பதினாறும்.

நயினார்தான் கதவைத் தள்ளினார். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு. இலையில் ஒரு பருக்கை இல்லை. இலை மடித்திருந்தது.

நம் பக்கமாக அல்ல. வெளிப்பக்கமாக.

சாவு வீட்டில் மடிப்பதுபோல்.

திரும்பி வந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவர் எதையும் கூட்டிச் சொல்லாமல் இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

இரண்டு மணி இருபதுக்குச் சாலமோனின் கைப்பேசி மறுபடி அடித்தது. அதே சூப்பர்வைசர். அழுதுகொண்டிருந்தார்.

"சாலமோனு... நீ உயிரோட கீறியா?"

இரண்டு மணி மூன்று நிமிஷத்துக்குக் கிரேன் கயிறு அறுந்ததாம். நாற்பதடி கன்டெய்னர் நேராகக் கீழே. சாலமோன் நிற்கிற இடம். அடியில் ஆள் மாட்டிக்கொண்டான் என்று இன்னொரு கிரேன் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். யாருமில்லை. ஒரு சொட்டு ரத்தமில்லை. ஆனால் ஆபரேட்டர் மேலே கேபினில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறான். ரெண்டு மணிக்கே நீ வந்துவிட்டாயே, மூன்று நிமிஷம் கீழே நின்று கையைக் கையைக் காட்டினாயே என்கிறான்.

சாலமோன் கை காய்ந்து இலை முன்னால் இருந்தான்.

"நான் இன்னும் மோரே ஊத்திக்கல சார்," என்றான்.

அன்றோடு குரல் நின்றது. ஏழு பன்னிரண்டு வரும், போகும். நான்கு பேர் ஆடுகிறார்கள், நான்கு பேர் குரல்தான் கேட்கிறது. சாலமோனுக்குப் பெண் பிறந்தது. அவன் யார்டை விட்டுவிட்டு நயினார் கடைக்கே வேலைக்கு வந்துவிட்டான்.

ஆவுடையம்மாள் மட்டும் அசைவதாக இல்லை. அப்பளம் தின்றது பூனை. படியில் இறங்கியது பூனை. இலையை மடித்தது நான்தான், அவசரத்தில் எந்தப் பக்கம் என்று யார் பார்த்தது? கிரேன்காரனுக்கு வெயிலில் கண் கூசியிருக்கும். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அவர் மறுக்க மறுக்க நயினார் கதையைப் பெரிதாக்கினார். ஒரு படி சோறு நாலு படியாயிற்று. பதினாறு படிக்கட்டு நாற்பதாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை சாலமோன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் நயினார் வீட்டுக் கூடத்தில் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். நயினார் கதையை எடுத்தார். சாவு வீட்டு மடிப்பு வரை வந்தார். கூட்டம் மூச்சுவிடவில்லை. அந்தச் சுகத்தில் மேலும் ஓர் அடி போனார்.

"அது சும்மா போகலய்யா. பாயசம் கேட்டுச்சு. மூணு டம்ளர்."

அடுப்படி வாசலில் தட்டோடு நின்ற ஆவுடையம்மாள் எரிச்சலாகச் சொன்னார்.

"பாயசம் எங்க கேட்டான்? ரசந்தான் கேட்டான்."

நயினாரின் வாய் திறந்தபடி நின்றது. பாயசம் அவர் இட்டுக்கட்டியது. ரசம் அவருக்குத் தெரியாது.

"யாரு கேட்டா, ஆவுட?"

ஆவுடையம்மாள் தட்டைக் கீழே வைத்தார்.

"மொகத்தப் பாக்கல. பாக்கத் தைரியமில்ல. கையக் குவிச்சு நீட்டினான். அடுப்புலேந்து எடுத்த ரசம். கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்படியே ஊத்திட்டேன்."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"அந்தக் கை சுருங்கவே இல்லங்க."